இசை நாடகக் கல்லூரித் தேர்வு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், பாட்டு, நடிப்பு, நடனம் ஆகிய மூன்றையும் ஒருங்கே போதிக்கும் பட்ட வகுப்புகளில் சேர விழையும் மாணவர், ஆசிரியர் குழுவின் முன்னிலையில் தம் திறமையைப் பிரத்தியட்சமாகக் காட்டி இடம் பெறும் முறை. நாடகத்துக்கென 1914-இலேயே பட்டம் வழங்கும் துறையைத் தோற்றுவித்த பிட்ஸ்பர்க் கார்னகி தொழில்நுட்ப நிறுவனத்தின் வழிவந்த கார்னகி மெலன் பல்கலைக்கழகமும், மிச்சிகன் பல்கலைக்கழகமும் இத்துறையில் பிரசித்தி பெற்றவை.

காணொளிப் பதிவு அனுப்பி முதற்கட்டம் தேறியவர்கள், கல்லூரிக்கோ, பல கல்லூரியினர் ஒருசேரக் கூடும் நியூயார்க், சிகாகோ போன்ற நகரங்களுக்கோ குளிர்காலத்தில் செல்வர். முழுப்பாட்டுக்கு அங்கே அவகாசமில்லை. 1943-இல் அரங்கேறிய ‘ஓக்லஹோமா!’ இசை நாடகத்தின் காலத்துப் பாணியில் ஒன்றும் தற்கால நாடகத்திலிருந்து ஒன்றுமாக, பெரும்பாலும் 16 அல்லது 32 தாளக்கட்டங்களே பாடக் கேட்பர். பக்கவாத்தியமாகப் பியானோ வாசிப்பவர் மாணவரை முன்பின் அறியாதவராதலால், தொடக்கம், முடிவு, காலப்பிரமாணம், விட்டுவிட வேண்டிய பகுதி ஆகியவற்றை ஸ்வரத்தாளில் ஐயமறக் குறித்துக் கொடுப்பதே ஆயத்தங்களுள் தலையாயது. சாரீரம் எத்துணை இனியதாயினும் இதில் அசிரத்தை காட்டியவர் தடுமாறுவது நிச்சயம்.

அச்சேறிய நாடகமொன்றிலிருந்து ஏறத்தாழ ஒரு நிமிடத் தனிப்பேச்சும் வேண்டும். பதினேழு வயதினர் முதுமையின் துயரத்தை அபிநயிப்பதைவிடத் தம் பிராயத்துக்கு ஒத்த பாத்திரத்தை ஏற்பதே உசிதம். நடனம் குழுவாகக் கற்பிக்கப்பட்டு அப்போதே சோதிக்கப்படும்.

பெயர் பெற்ற வகுப்புகள் பல, ஆண்டுக்குச் சுமார் 20 பேரையே சேர்த்துக்கொள்வதால், மாணவர் பல கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பது வழக்கம்.