தோல்வாரிலிருந்து திருகாணி வரை: தவிலின் குரல் மாறிய கதை



திருவிழாக் காலம் வந்தால் தவில் சத்தம் எங்கள் வீட்டு வாசல் வரை வரும். அந்தச் சத்தம் ஆதியிலிருந்து மாறாமல் வருவதாகவே நாம் நினைக்கிறோம். ஆனால் இன்று நாம் கேட்கும் தவிலின் குரல் எங்கள் பாட்டன்மார் கேட்ட குரல் அல்ல. மரத்தைவிட, தோலை இழுத்துப் பிடிக்கும் பொருள்தான் கூடுதலாக மாறியது. அதனோடு குரலும் மாறியது.

"தவிலைப் பற்றி நீங்கள் ஏன் எழுதுகிறீர்கள்?" என்று சிலர் கேட்கக்கூடும். தோலின் குணம் எங்களுக்கும் தெரிந்ததுதான். நோன்பு காலத்தில் சஹருக்கு எழுப்ப வரும் பாவாமார் றபானை நெருப்பில் காட்டிச் சூடேற்றிவிட்டு அடிப்பார்கள். ஈரக்காற்றில் தோல் தளரும், சத்தம் மந்தமாகும். சூடு பட்டால் தோல் இறுகும், சத்தம் எழும். தோல் மேளம் செய்த எல்லாச் சமூகங்களும் போராடியது இந்த ஒரே சிக்கலோடுதான்.

தவிலின் உடல் ஒரே பலாக்கட்டையைக் குடைந்து எடுத்தது. ஒட்டு இல்லை, துளை போட்டு முடுக்கிய ஆணியும் இல்லை. வலப்பக்கம் வலந்தலை, இடப்பக்கம் தொப்பி. மூங்கிலை வளைத்து நார் சுற்றிய தடித்த வளையங்களில் தோலைப் பிடித்து, இரண்டு வளையங்களையும் தோல்வாரால் பிணைத்து இறுக்குவார்கள். வலந்தலையை விரல்களில் மாவுப்பசையால் இறுகச் செய்த கூடுகளைப் போட்டு வாசிப்பார்கள். தொப்பியைப் பூவரசங் கம்பால் அடிப்பார்கள்.

பிள்ளைகளிடம் நாங்கள் கேட்கும் கேள்வி ஒன்று. பெரிய வட்டம் தாழ்ந்த சத்தம் தரவேண்டும் அல்லவா? தவிலில் வலந்தலைதான் சற்றுப் பெரியது. ஆனால் உயர்ந்த சுருதி அதில்தான் வருகிறது. காரணம் இறுக்கம். மற்ற எல்லாம் ஒன்றாக இருக்க, தோலின் இழுவிசையை 4 மடங்காக்கினால் சுருதி 2 மடங்காகும். வலந்தலை மிக இறுக்கமாகவும் தொப்பி தளர்வாகவும் கட்டப்படும். தொப்பியின் உட்புறம் பசையும் பூசுவார்கள். பசையின் கனம் தோலின் அதிர்வை மெதுவாக்கி, அடிநாதத்தை இன்னும் இறக்கும். இழுவிசை, கனம், அகலம் ஆகிய மூன்றின் கணக்கையும் பாடப் புத்தகம் இல்லாமலே கையால் அறிந்தவர்கள் எங்கள் கைவினைஞர்கள்.

மேற்கு நாடுகளின் மேளமும் இதே வழியில்தான் வந்தது. அங்கே கயிற்றால் இறுக்கிய மேளங்களுக்கு 19ஆம் நூற்றாண்டில் இரும்புக் கம்பியும் திருகாணியும் வந்தன. 1909இல் அமெரிக்காவின் லட்விக் நிறுவனம் காலால் அடிக்கும் மிதியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் பிறகு பெரிய மேளத்தைக் காலும் மற்றவற்றைக் கையும் பார்த்துக்கொண்டன. ஒருவரே பலர் வேலையைச் செய்யலாம் என்றாயிற்று. 1950களின் பிற்பகுதியில் கன்றுத்தோலின் இடத்தைப் பிளாஸ்டிக் பிடித்தது. மழைக்குத் தளராது, வெயிலுக்கு இறுகாது. தேவாலயப் பாடகர் குழுவிலும் கலியாண மண்டபத்திலும் நாம் காணும் ட்ரம் செட் இவற்றின் பிள்ளைதான். ஆனால் அதிலும் ஒரு விலை இருந்தது. மேளத்தின் உடலைத் துளைத்து இரும்புத் தாங்கியைப் பொருத்தியபோது அதிர்வு அந்த இடத்தில் அடைபட்டது. பிறகு உடலைத் துளைக்காமல் தொங்கவிடும் தாங்கிகளை உருவாக்கினார்கள். தவிலோ தொடக்கத்திலிருந்தே துளையில்லாத உடலோடு தோளில் தொங்குகிறது!

அந்தத் தவிலுக்கும் காலப்போக்கில் நட்டும் போல்ட்டும் வந்தன. தோல்வாரின் இடத்தை உருக்கு வளையமும் திருகாணியும் எடுத்துக்கொண்டன. இது வித்துவான்களுக்குப் பெரிய உதவி என்பதை மறுக்க முடியாது. வார் இழுத்துக் கட்டுவதற்கு உடல் வலுவும் நெடுநேரமும் வேண்டும். இப்போது ஒரு ஸ்பானர் போதும். மழைக்கால இரவிலும் சுருதி நிற்கும். ஆனால் மூங்கிலும் நாரும் தோலும் அதிர்வில் ஒரு பங்கை விழுங்கிக்கொள்ளும். உருக்கு அப்படி விழுங்காது. திருகாணியால் முன்னைவிட இறுக்கமாகவும் கட்டலாம். அதனால் சத்தம் கூராகவும் உரமாகவும் வந்தது. ஒலிபெருக்கியும் சேர்ந்தபோது உரம் ஒன்றே பெருமை என்றாகிவிட்டது.

யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி அவர்களின் பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பாருங்கள். 1933இல் பிறந்து 1975இல் மறைந்தவர் அவர். அளவெட்டியில் வாழ்ந்து, தமிழ்நாட்டு மேதைகளே தலைவணங்கிய தவில் வித்துவான். வார் கட்டிய தவில்கள் பரவலாக இருந்த காலம் அது. சொற்கள் மின்னல் வேகத்தில் வந்தாலும் ஒவ்வொன்றும் தனித்தனியே காதில் விழும். தொப்பியின் அடிநாதம் வலந்தலைக்குள் அமுங்கிப் போகாது. அவருடைய கையின் பெருமை அது. அந்தக் கைக்குக் கருவியைக் கட்டிக் கொடுத்தவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. வித்துவானின் பெயர் நோட்டீசில் வரும். கட்டையைக் குடைந்தவர், தோலைப் பதப்படுத்தியவர், வார் இழுத்தவர் பெயர்கள் எதிலும் வருவதில்லை.

ஒரு தலைமுறை இடைவெளி விழுந்தால் கைத்தொழில் எப்படி அறுந்துபோகும் என்பது, 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட சமூகமான எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. திரும்பி வந்தபோது வீட்டுச் சுவரை மறுபடி கட்டலாம். கைப்பழக்கத்தை அப்படிக் கட்ட முடியாது.

திருகாணி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. வார் கட்டத் தெரிந்த முதியவர் உங்கள் வீட்டிலோ அயலிலோ இருந்தால், அவர் கட்டும் முறையைக் கைத்தொலைபேசியில் படம்பிடித்து வையுங்கள். அவர் பெயரையும் சேர்த்து எழுதி வையுங்கள். பழைய வார்த்தவில் கிடந்தால் விறகுக்கோ பழைய சாமான்காரருக்கோ கொடுத்துவிடாதீர்கள். பாடசாலைக்குக் கொண்டு வாருங்கள். இரண்டு தவிலையும் பக்கத்தில் வைத்துத் தட்டிப் பார்த்தால், நாங்கள் ஒரு தவணை முழுக்கப் படிப்பிப்பதைப் பிள்ளைகள் ஒரு பாடவேளையில் காதாலேயே விளங்கிக்கொள்வார்கள்.