கேம் சர்வருக்கு எந்த புரோசசர்? கோர் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாற வேண்டாம்

ஜோர்ஜ்டவுன் – பள்ளித் தோழர்கள் பத்துப் பேர் சேர்ந்து விளையாட ஒரு மைன்கிராஃப்ட் சர்வர். அது நன்றாக ஓடினால் புதிய மோட்களுடன் இரண்டாவது. பிறகு கவுண்டர்-ஸ்ட்ரைக் ஆடும் கூட்டத்துக்கு மூன்றாவது. இணையக் கேம் சர்வர் நடத்தும் நம் இளையோர் பலரின் கதை இப்படித்தான் தொடங்குகிறது.

நான்கைந்து சர்வர்களை ஒரே கணினியில் ஓட்ட வேண்டிய நிலை வரும்போது, எந்த புரோசசர் வாங்குவது என்ற கேள்வி எழுகிறது. பகுதி நேர வேலையில் சேர்த்த பணமோ, அப்பாவின் போனஸில் ஒரு பங்கோ அதற்குச் செலவாகும். தவறான பொருளை வாங்கிவிட்டால் அந்தப் பணம் திரும்பி வராது. சர்வர் தடுமாறத் தொடங்கினால் விளையாட வந்தவர்களும் ஒவ்வொருவராக விலகிவிடுவார்கள்.

பினாங்குக்குப் பழகிய பொருள்

புரோசசர் என்பது பினாங்கு மக்களுக்கு அந்நியமான சரக்கு அல்ல. பாயான் லெப்பாஸ் சுதந்திர வாணிப வட்டாரம் உருவான 1972ஆம் ஆண்டிலேயே இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தனது முதல் தொழிற்சாலையை இங்கு அமைத்தது. ஏஎம்டி நிறுவனமும் அதே ஆண்டில் பினாங்குக்கு வந்தது. அதன் ஆலை 2016 முதல் சீனாவின் தோங்ஃபு நிறுவனத்துடன் கூட்டு நிறுவனமாக இயங்குகிறது. 2021 டிசம்பரில் இன்டெல் மலேசியாவில் 3,000 கோடி ரிங்கிட் முதலீட்டை அறிவித்தது.

சில்லுகளைப் பொருத்துவதும் சோதிப்பதும் இங்குள்ள பல குடும்பங்களுக்குச் சோறு போட்ட வேலை. ஆனால் அதே சில்லைக் கடையில் வாங்கும்போது எதைப் பார்ப்பது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

கோர் எத்தனை என்பதைவிட, ஒரு கோர் எவ்வளவு வேகம்?

ஒரு புரோசசருக்குள் பல கோர்கள் இருக்கும். ஒவ்வொரு கோரும் தனியாக வேலை செய்யும் ஒரு தொழிலாளி மாதிரி. கோர் அதிகம் இருந்தால் வேலை வேகமாக முடியும் என்றே பலரும் நினைக்கிறார்கள். கேம் சர்வரில் அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

மைன்கிராஃப்ட் சர்வர் ஒரு நொடிக்கு 20 முறை தன் உலகைப் புதுப்பிக்கிறது. இதை ‘டிக்’ என்பார்கள். ஒரு டிக்குக்குக் கிடைக்கும் நேரம் 50 மில்லி நொடி. மிருகங்களின் நடமாட்டம், ரெட்ஸ்டோன் இயக்கம், ஆட்டக்காரர்களின் அசைவு எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். இந்த வேலையின் பெரும்பகுதி ஒரே கோரில்தான் நடக்கிறது. பக்கத்தில் 15 கோர்கள் சும்மா இருந்தாலும் அவை கைகொடுக்க முடியாது. 50 மில்லி நொடியைத் தாண்டினால் டிக் எண்ணிக்கை குறையும். உடைத்த கட்டை மறுபடி தோன்றும், கதவு தாமதமாகத் திறக்கும்.

எனவே முதலில் பார்க்க வேண்டியது ஒற்றைக் கோரின் வேகம். கோர் எண்ணிக்கை அடுத்தது. பல சர்வர்கள் ஓடும்போதுதான் அதன் பயன் தெரியும். கூட்டம் நிறைந்த ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு கோர், இயங்குதளத்துக்கும் பின்னணி வேலைகளுக்கும் இரண்டு கோர் என்று கணக்கிடுவது பாதுகாப்பானது. அதன்படி 8 கோர் புரோசசரில் ஐந்து அல்லது ஆறு சர்வர்களை நிம்மதியாக ஓட்டலாம். ஆட்கள் இல்லாத சர்வர் அதிக இடம் பிடிக்காது என்பதால், எல்லாமே ஒரே நேரத்தில் நிரம்புமா என்பதையும் யோசிக்க வேண்டும்.

மலிவு விலைப் பொறி

பெரிய நிறுவனங்கள் கழித்துவிட்ட பழைய சர்வர் கணினிகள் இணையச் சந்தையில் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. 2016இல் வந்த இன்டெல் சியோன் இ5-2680 வி4 ஓர் உதாரணம். அதில் 14 கோர்கள். இரண்டு பொருத்திய கணினியில் 28 கோர்கள். கேட்கவே பிரமாதமாக இருக்கும். ஆனால் அதன் உச்ச வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ்தான். வடிவமைப்பும் பழையது.

2023இல் வந்த ஏஎம்டி ரைசன் 7 7700இல் 8 கோர்கள்தான் உள்ளன. ஆனால் உச்ச வேகம் 5.3 கிகாஹெர்ட்ஸ். ஒவ்வொரு சுற்றிலும் அது முடிக்கும் வேலையும் அதிகம். கூட்டம் நிறைந்த மைன்கிராஃப்ட் சர்வருக்கு இதுவே ஏற்றது. சின்னச் சின்ன சர்வர்கள் பலவற்றை ஓட்டுபவருக்கு மட்டும் பழைய சியோன் ஓரளவு உதவும்.

விலை உயர்ந்தவற்றிலும் இதே கதைதான். ஏஎம்டியின் எபிக் 9654இல் 96 கோர்கள் இருந்தாலும் உச்ச வேகம் 3.7 கிகாஹெர்ட்ஸ். அது தரவு மையங்களுக்கான பொருள். ரைசன் 9 7950எக்ஸ் 16 கோர்களுடன் 5.7 கிகாஹெர்ட்ஸ் வரை செல்லும்.

7950எக்ஸ்3டி வகையில் கேஷ் நினைவகம் கூடுதலாக இருக்கிறது. ஆனால் அது 8 கோர்கள் உள்ள ஒரு பாதியில் மட்டுமே உள்ளது. அதிகக் கூட்டம் வரும் சர்வரை அந்தப் பாதியில் ஓடும்படி அமைத்தால்தான் கொடுத்த பணத்துக்குப் பயன். பல சர்வர்களை நிர்வகிக்க உதவும் டெரோடாக்டில் மென்பொருளில், எந்த சர்வர் எந்தக் கோரில் ஓட வேண்டும் என்று குறிப்பிடும் வசதி உண்டு.

பயன்படுத்தியதை வாங்கினால் கவனம்

இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணினி புரோசசர்களும் வேகமானவையே. ஆனால் அவற்றில் சில, தேவைக்கு மீறிய மின்னழுத்தத்தால் நாளடைவில் நிலைகுலைவதை 2024இல் இன்டெல் உறுதிப்படுத்தியது. அந்த ஆண்டு ஜூலையில் ‘பாத் ஆஃப் டைட்டன்ஸ்’ விளையாட்டை உருவாக்கிய ஆல்டெரோன் கேம்ஸ், தனது சர்வர்களை ஏஎம்டிக்கு மாற்றுவதாக அறிவித்தது. ஆகஸ்டு முதல் இன்டெல் திருத்த மைக்ரோகோடுகளை வெளியிட்டது. உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது.

இந்தத் திருத்தம் பாதிப்பைத் தடுக்குமே தவிர, ஏற்கெனவே கெட்டுப்போன சில்லைச் சரிசெய்யாது. இரண்டாம் கை 13900கே, 14900கே வாங்குவோர் உத்தரவாதம் மீதம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். வாங்கியதும் மதர்போர்டின் பயோஸைப் புதுப்பிக்க வேண்டும்.

மின்சாரம், ரேம், இணையம்

சர்வர் இரவு பகலாக ஓடும் பொருள். சராசரி 200 வாட் இழுக்கும் பழைய கணினி மாதம் 144 யூனிட் மின்சாரம் எடுக்கும். 80 வாட் கணினிக்கு 58 யூனிட்டே போதும். மலிவாக வாங்கியது மாதாமாதம் மின்கட்டணத்தில் பழிவாங்கும். பினாங்கு வெயிலில் மூடிய அறையில் வைத்தால் சூடு ஏறி, புரோசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நல்ல குளிர்விப்பான் செலவு கணக்கில் இருக்கட்டும்.

மோட் நிறைந்த சர்வர் ஒன்றுக்கு 6 முதல் 8 ஜிபி ரேம் வேண்டும். ஆறு சர்வருக்கு 64 ஜிபி வைத்துக்கொள்வது நல்லது. உலகத் தரவைச் சேமிக்க என்விஎம்இ வட்டும், வேறு வட்டில் அன்றாட நகலும் அவசியம்.

வீட்டு இணையத்தில் பதிவேற்ற வேகம் எவ்வளவு, பொது ஐபி முகவரி கிடைக்குமா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். பொது முகவரி இல்லாவிட்டால் வெளியார் நேரடியாக உள்ளே வர முடியாது. ஃபைபர் வராத தோட்டப்புறங்களில் இருப்பவர்கள், கணினி வாங்காமல் சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ சர்வரை வாடகைக்கு எடுப்பதே மேல். ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தூரத்திலுள்ள சிங்கப்பூருக்கு ஃபைபர் வழியாகப் போய்வர ஒளிக்குச் சுமார் 6 மில்லி நொடி போதும். அமெரிக்க மேற்குக் கரைக்கோ 130 மில்லி நொடிக்கு மேல் ஆகும்.

வாங்கும் முன் ஒரு சோதனை

கொம்தாருக்குப் போய் பணத்தை எண்ணுவதற்கு முன், எந்தப் புரோசசரை நினைத்திருக்கிறீர்களோ அதே வகை சர்வரை ஒரு மாதம் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாருங்கள். ‘ஸ்பார்க்’ என்ற இலவசக் கருவி ஒவ்வொரு டிக்குக்கும் எத்தனை மில்லி நொடி ஆகிறது என்று காட்டும். ஆட்கள் நிறைந்த சனிக்கிழமை இரவிலும் அது 40க்குக் கீழ் நின்றால் அந்தப் புரோசசர் போதும். 50ஐத் தாண்டினால், புரோசசரை மாற்றும் முன் எந்த மோட் நேரத்தைத் தின்கிறது என்று அதே கருவியில் பாருங்கள். பல வேளைகளில் ஒரே ஒரு மோடை நீக்கினாலே போதும், புதிய புரோசசருக்கான செலவு மிச்சமாகும்.