இமயத்தை எடைபோட்ட ஊசல்

தனி ஊசலின் அலைவெண்ணைத் தீர்மானிப்பவை நூலின் நீளமும் அவ்விடத்துப் புவியீர்ப்பு முடுக்கமும். குண்டின் நிறைக்கு அதில் பங்கில்லை. சிறிதாக இருக்கும்வரை வீச்சும் பொருட்டன்று. ஆய்வகத்தில் நாம் மாற்றிப் பார்ப்பது நீளத்தை மட்டுமே. ஈர்ப்பை மாற்ற வேண்டுமெனில் ஊசலைச் சுமந்துகொண்டு நாடெங்கும் செல்ல வேண்டும்.

இந்தியப் பெரும் முக்கோணவியல் அளவைத் துறையின் கேப்டன் ஜேம்ஸ் பாசெவி 1865 முதல் அதைத்தான் செய்தார். இலண்டன் ராயல் சொசைட்டி இரவலாகத் தந்த உலோக ஊசல்கள் அவை (உண்மையில் கூட்டூசல்கள், விதி ஒன்றே). காற்று நீக்கிய கலத்தினுள் அவற்றை ஆடவிட்டு, வெப்பத்தால் தண்டு நீள்வதற்கும் திருத்தம் கணக்கிட்டார்.

இமயத்தை நெருங்கியபோதுதான் வியப்பு. உயரத்துக்கும் மலையின் நிறைக்கும் கணக்குப் பார்த்த பின்னும், ஊசல் எதிர்பார்த்ததைவிட மெதுவாகவே ஆடியது. மலைக்கு அடியில் அடர்த்தி குறைவு என்பதே பொருள். 1855இல் ஏரி முன்வைத்த ஊகத்துக்கு இவ்வாறு களச்சான்று சேர்ந்தது. எவரெஸ்ட் பேசப்படும் அளவில் பாசெவி பேசப்படாதது எனக்குப் புரியாத ஒன்று.

1871இல் லடாக்கின் மோரே சமவெளியில், 15,000 அடிக்கும் மேலே ஊசலை ஆட்டி அளந்தார். அவ்வாண்டு ஜூலையில் லடாக்கிலேயே இறந்தார். எஞ்சிய பணியைக் கேப்டன் ஹெவிசைடு முடித்தார்.