தொண்ணூறு கேசட்டின் கணக்கு

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பாட்டு பதிவு செய்து கொடுக்கும் கடை வைத்திருந்தவன் நான். 2000களின் தொடக்கத்துச் சினிமாப் பாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் ரஹ்மான், ஹாரிஸ், யுவன் என்று இசையமைப்பாளர்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தப் பாட்டுகள் ஊருக்குள் எந்த வரிசையில் ஒலித்தன என்பது எங்களைப் போன்ற கடைகளில் முடிவானது. கொஞ்சம் தற்பெருமைதான், இருந்துவிட்டுப் போகட்டும்.

கம்பெனிக் கேசட்டில் பெரும்பாலும் ஏ பக்கம் ஒரு படம், பி பக்கம் வேறொரு படம். ஒன்றில் இரண்டு பாட்டு தேறும், மற்றதில் ஒன்று. பிடித்ததை மட்டும் கேட்க வேண்டுமென்றால் துண்டுச்சீட்டில் பட்டியல் எழுதி எங்களிடம் வர வேண்டும். 2001இல் ‘மின்னலே’ வந்த பிறகு, தாமரை எழுதி பாம்பே ஜெயஸ்ரீ பாடிய ‘வசீகரா’ இல்லாத சீட்டு அபூர்வம். ஹாரிஸ் ஜெயராஜுக்கு அது முதல் படம். பெயர் பழகாததால் சிலர் ரஹ்மான் பாட்டு என்றே எழுதிக் கொண்டு வந்தார்கள். அடுத்த வருஷம் ‘ஜெமினி’யின் ‘ஓ போடு’. 2003இல் ‘மன்மத ராசா’. அதைக் கேட்டு கேட்டு எனக்கே அலுத்துவிட்டது.

தொண்ணூறு கேசட்டில் பக்கத்துக்கு 45 நிமிடம். பாட்டு ஐந்து நிமிடம், ஆக ஒன்பது ஏறும் என்று கணக்குப் போடுவார்கள். ஏறாது. எட்டு முடிந்ததும் நாலு நிமிடம் மிச்சம் நிற்கும். ஐந்து நிமிடப் பாட்டைப் போட்டால் கடைசிச் சரணத்தில் அறுபடும். அந்த இடத்துக்கென்றே சின்னப் பாட்டுகளைத் தனி நோட்டில் குறித்திருந்தேன். ரஹ்மானின் ‘அலைபாயுதே’ படத்தில் வரும் ஊத்துக்காடு வேங்கடகவியின் பாட்டு அதில் முதலில் இருந்தது.

நாடாவின் தொடக்கத்தில் கொஞ்ச தூரம் வெறும் பிளாஸ்டிக். அதில் எதுவும் பதியாது. பென்சிலை விட்டுச் சுற்றி, பழுப்பு நாடா தெரிந்த பிறகுதான் ரெக்கார்ட் பட்டனைத் தொடுவேன். டபுள் டெக்கில் ஹை ஸ்பீடில் அடித்தால் பாதி நேரத்தில் வேலை முடியும், ஆனால் ‘ஸ’கரமெல்லாம் மழுங்கிப் போகும். நான் பாட்டு ஓடுகிற வேகத்திலேயே பதிவு செய்வேன். ஒரு கேசட்டுக்கு ஒன்றரை மணி நேரம். இடையில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஹெட்டைத் துடைக்க வேண்டும். முடிந்ததும் மேலே இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் பற்களையும் உடைத்துவிடுவேன், வீட்டில் யாரும் தெரியாமல் அழித்துவிடக் கூடாதே.

1997இல் மினி பஸ் திட்டம் வந்தது எங்கள் தொழிலுக்குப் பெரிய வரவு. டிரைவர்கள் அறுபதுதான் கேட்பார்கள். தொண்ணூறில் நாடா மெலிசு. வெயிலிலும் குலுக்கலிலும் பிளேயர் தின்றுவிடும். முதல் டிரிப்புக்கு சாமிப் பாட்டு, காலேஜ் நேரத்துக்கு புதுசு, கடைசி டிரிப்புக்கு இளையராஜா என்று தனித்தனியாக வாங்குவார்கள். “அண்ணே, எந்த இடத்துல எது வந்தா நல்லாருக்கும்னு நீங்களே பாத்துப் போடுங்க” என்று சீட்டே தராமல் போனவர்களும் உண்டு.

பிறகு எம்பி3 சிடி. 700 எம்பியில் சுமார் பன்னிரண்டு மணி நேரப் பாட்டு, நூற்றைம்பதுக்குப் பக்கம். விலை மலிவு எங்களை வீழ்த்தியது என்பார்கள். எனக்கென்னவோ இடம் தாராளமானதுதான் காரணம் என்று படுகிறது. இடம் குறுகலாக இருந்தவரை எதை விடுவது என்று உட்கார்ந்து யோசித்தார்கள். சிடி வந்ததும் “எல்லாத்தையும் ஏத்துங்கண்ணே” என்றார்கள். அதற்கு நான் எதற்கு?

இதற்கிடையில் 2004இல் குண்டர் சட்டத்துக்குள் வீடியோ திருடர்களையும் சேர்த்தார்கள். படத்தின் பாட்டை உரிமையில்லாமல் நகலெடுப்பதும் அதற்குள் வந்தது. உரிமை வாங்கியா நாங்கள் பதிவு செய்தோம்? எந்தக் கடையும் வாங்கியதில்லை. விசிலடித்துப் பாட்டைக் கேட்ட ஊரில் அதை யாரும் திருட்டாக நினைத்ததுமில்லை, சட்டம் நினைத்தது; சட்டத்தின் பக்கமும் நியாயம் இருந்தது.

கடையை ரீசார்ஜ் கடையாக்கினேன். ஸ்பீக்கரையும் ஆம்ப்ளிஃபயரையும் திருவிழா சவுண்ட் சர்வீஸ்காரர் பேரம் பேசி வாங்கிக்கொண்டார். டெக்கைச் சும்மா தருகிறேன் என்றதற்கும் வண்டியில் இடமில்லை என்றார்.