வழக்கறிஞரின் மனநலம் யார் பொறுப்பு? இராமநாதபுரம் கடற்கரையை முன்வைத்து

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பற்றியது. சங்கிலியில் கட்டுண்டு கிடந்த 28 பேர் இறந்தனர். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து அதை வழக்காக எடுத்தது. பின்னர் வந்த 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடைசெய்தது. மனநலச் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்றது. மனநலம் சட்டத்தின் கண்ணில் பட்டதில் இந்த மாவட்டத்துக்கு இப்படியொரு துயரப் பங்கு உண்டு. ஆனால் இங்கே அன்றாடம் வாதாடுகிறவர்களின் மனநலம் இன்றும் எவர் கணக்கிலும் ஏறவில்லை.

பன்னாட்டு வழக்கறிஞர் சங்கம் 2021இல் வெளியிட்ட ஆய்வில் பங்கேற்றோரின் சராசரி நலமதிப்பெண் 51. உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் 52க்குக் கீழே போனாலே பரிசோதனை தேவை. மேலாளரும் நிர்வாகமும் உள்ள இடத்தில் இப்படிப்பட்ட எண் ஒரு கேள்வியாக மாறும். இராமநாதபுரத்தில் யாரைக் கேட்பது? தனித்துத் தொழில் செய்யும் வழக்கறிஞருக்கு முதலாளி இல்லை.

ஜூனியரின் அன்றாடத்தைப் பாருங்கள். சீனியர் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நிற்கிறார். மாவட்ட நீதிமன்றத்தில் ஜூனியர் வழக்குக் கட்டைப் பிடித்துக்கொண்டு, வழக்கைச் சற்று நேரம் கழித்து அழைக்கும்படி 'பாஸ் ஓவர்' கேட்கிறார். மறுபடி அழைக்கும்போதும் சீனியர் வரவில்லை. வாய்தா கேட்டதற்கு நீதிபதியிடம் ஏச்சு, வராந்தாவில் கட்சிக்காரரிடம் இன்னொரு ஏச்சு. வழக்கை எப்படி நடத்துவது என்று முடிவெடுக்கும் உரிமை ஜூனியருக்கு இல்லை. அதிகாரமில்லாத இந்தப் பொறுப்பே அழுத்தத்தின் வேர் என்பது என் வாதம்.

கடல் வழக்குகளில் சீனியருக்கும் இதே நிலைதான். இராமேசுவரம் விசைப்படகை இலங்கைக் கடற்படை பிடித்தால் வழக்கு நடப்பது மன்னாரிலோ ஊர்காவற்றுறையிலோ. நம் வழக்கறிஞர் அங்கே வக்காலத்து போட முடியாது. ஆனால் மீனவர் வீட்டுப் பெண்கள் வந்து நிற்பது இவர் வாசலில்: "எப்ப சார் விடுவாக?" ஒன்றிய அரசு தலையிட வேண்டுமென்று மதுரைக் கிளையில் ரிட் போடுவதைத் தவிர அவரிடம் பெரிதாக வழியில்லை. 2018இல் இலங்கை அபராதங்களைக் கடுமையாக்கிய பிறகு, படகுக் கடனும் சேர்ந்தே அந்த வாசலுக்கு வருகிறது.

'தொழிலுக்கு வந்தால் தாங்கித்தான் ஆக வேண்டும்' என்ற பேச்சு பார் அறைகளில் சாதாரணம். தாங்குவதற்கும் சோறு வேண்டும். 2024இல் உயர் நீதிமன்ற உத்தரவை அடுத்து, சென்னை, மதுரை, கோவை நீங்கலான ஊர்களில் ஜூனியருக்கு மாதம் குறைந்தது ₹15,000 தரச் சொன்னது தமிழ்நாடு–புதுச்சேரி பார் கவுன்சில். நல்ல தொடக்கம்தான், ஆனால் சிறு ஊர் சீனியரின் வருமானத்தையே முழுக்க நம்பிய ஏற்பாடு அது.

1961 வழக்கறிஞர்கள் சட்டத்தின் 6ஆம் பிரிவு, வழக்கறிஞர்களின் நலன்களைக் காப்பதை மாநில பார் கவுன்சிலின் கடமையாக்குகிறது; நலத்திட்டங்களுக்கு நிதி ஒதுக்கவும் இடமளிக்கிறது. ஆகவே கேட்கப்பட வேண்டிய இடம் அதுதான். தமிழ்நாட்டின் 1987 வழக்கறிஞர் சேமநல நிதிச் சட்டத்தின் பணம் பெரும்பாலும் வழக்கறிஞர் இறந்த பிறகே குடும்பத்துக்குப் போய்ச் சேர்கிறது. உயிரோடிருக்கும்போதே உளவியல் ஆலோசனைக்கு ஒரு பங்கு ஒதுக்கச் சட்டத்தைத் திருத்தலாம். அந்த ஆலோசனை நீதிமன்ற வளாகத்துக்குள் நடக்கக் கூடாது. எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊரில் அங்கே யாரும் போக மாட்டார்கள். தொலைபேசியில், வெளியூர் ஆலோசகரிடம் பேச வழி வேண்டும். அங்கே பேசியது எதுவும் பார் கவுன்சிலின் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் கைக்குப் போகாது என்று விதியிலேயே எழுதப்பட வேண்டும்.