கள்ளத்தோணி முதல் சிலோன்காரர் வரை: வசைப்பெயர்களின் அரசியல்

நீலகிரி மலையில் கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் வட்டாரங்களின் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளில் வாழும் முதியோரிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரு வாசகத்தைத் தவறாமல் கேட்கலாம். அங்கே இருந்தவரை இந்தியாக்காரன் என்றார்கள், இங்கே வந்தபின் சிலோன்காரன் என்கிறார்கள் என்பதே அது. கசப்போடு சொல்வோரும் உண்டு, சிரித்துக்கொண்டே சொல்வோரும் உண்டு. இரு நாடுகளிலும் ஒருவரை அயலார் என்றே அழைத்திருக்கிறார்கள். அப்படி அழைத்தோரில் தமிழ் பேசுவோரும் இருந்தனர் என்பதுதான் நம்மை இவ்வாய்வுக்குத் தூண்டியது.

அரசியல் மேடைகளில் எதிரிக்குப் பட்டப்பெயர் சூட்டுவது தமிழகத்திற்குப் புதிதன்று. தலைவருக்குப் பட்டம் வழங்கும் அதே மேடை எதிரணித் தலைவருக்கு வசைப்பெயரும் வழங்குகிறது. இராஜாஜியைக் 'குல்லுகபட்டர்' என்று திராவிட இயக்கத்தார் கேலி செய்தனர். இத்தகைய பெயர்கள் இனவெறியின் வெளிப்பாடா, அன்றி வெறும் மரியாதைக் குறைவா என்ற வினா அவ்வப்போது எழுகிறது. கேட்டவர் புண்பட்டார் என்பதால் எல்லாவற்றையும் இனவெறி எனத் தீர்ப்பது எளிது. சிரிப்பதற்காகச் சொன்னது எனத் தள்ளிவிடுவது அதைவிட எளிது. நம் கருத்தில் கேட்கவேண்டிய வினா வேறு. அந்தப் பெயர் ஒருவர் செய்ததைச் சுட்டுகிறதா, அவர் பிறந்ததைச் சுட்டுகிறதா? முன்னதை அவர் தம் நடத்தையை மாற்றி உதிர்த்துவிடலாம். பின்னதை உதிர்க்க வழியே இல்லை. அவர் பிள்ளையும் அதைச் சுமக்கவேண்டும்.

ஆனால் இந்த அளவுகோல் மட்டும் போதாது என்பதற்கு எம்.ஜி.ஆரே சான்று. அரசியல் எதிரிகள் அவரை 'மலையாளி' என்று இடித்துரைத்தனர். அது பிறப்பைச் சுட்டிய பெயர்தான். ஆயினும் 1977, 1980, 1984 ஆகிய மூன்று சட்டமன்றத் தேர்தல்களிலும் மக்கள் அவர் பக்கமே நின்றனர். அந்தப் பெயர் அவருடைய ஒரு வாக்கையோ ஒரு காணி நிலத்தையோ பறிக்கவில்லை. சொன்னவர்களின் தரத்தைக் காட்டியதோடு அது நின்றுபோயிற்று. எம்.ஜி.ஆர். 1917இல் பிறந்தது இலங்கையின் மலையகத்தில் என்பதை இங்கே நினைவிற் கொள்ளலாம். கண்டிச் சீமையில் பிறந்த மற்றப் பல்லாயிரவர்க்கு அதே பிறப்பு என்ன விளைவைத் தந்தது என்பதே இனி நாம் காணவிருப்பது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் காப்பித் தோட்டங்களுக்காகவும், காப்பி நோயால் அழிந்தபின் தேயிலைக்காகவும் திருச்சி, சேலம், இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து ஏழை மக்கள் இலங்கைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். தொடக்கத்தில் பாய்மரத் தோணிகளில் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து மாத்தளைக்குச் சென்றனர். வழியில் மாண்டோர் பலர். 1901 முதல் தகரச் சீட்டு முறை வந்தது. தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லையைத் தொழிலாளர் கழுத்தில் கட்டிக்கொண்டு புறப்படுவர். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக்காக வைத்திருந்து, ஆய்ந்து, எண்ணி, ஏற்றி அனுப்பினார்கள். அரசாங்கம் இவ்வளவு கணக்காக அனுப்பிய மக்கட் பெயர்ச்சி வேறொன்று இருக்குமா என்பது ஐயமே. 1939 ஆகஸ்டில் இந்திய அரசு பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கை செல்வதைத் தடைசெய்தது. கள்ளத்தனமாகத் தோணியேறுவோர் பெருகியது அதன் பின்னரே.

இருப்பினும் 'கள்ளத்தோணி' என்னும் பெயர் இம்மக்கள் அனைவர்மீதும் விழுந்தது. மூன்று தலைமுறைக்கு முன் சீட்டோடு வந்தவரின் பேரனும் கள்ளத்தோணி. அது தமிழ்ச் சொல்லாகவே சிங்களத்திலும் புகுந்து வழங்கியது. யாழ்ப்பாணத்துத் தமிழரிடையே 'தோட்டக்காட்டான்' என்றும் 'வடக்கத்தியான்' என்றும் வேறு பெயர்கள் இருந்தன. உழைப்பின் ஊதியத்தைக் குறிக்கும் 'கூலி' என்ற நம் சொல்லோ, ஆங்கிலேயர் வாயில் புகுந்து ஓர் இனத்தின் பெயராகவே உலகெங்கும் பரவிற்று. 1893இல் தென்னாப்பிரிக்கா சென்ற காந்தியார் 'கூலி பாரிஸ்டர்' ஆனார். தமிழரின் பெயர்களில் ஈற்றில் வரும் 'சாமி'யைக் கொண்டு இந்தியர் அனைவரையும் 'சாமி' என்று வெள்ளையர் ஏளனமாய் விளித்ததையும் அவர் தம் வரலாற்றில் பதிந்துள்ளார்.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் ஏழு இடங்களில் வென்றது. வேறு சில தொகுதிகளில் இடதுசாரிகளின் வெற்றிக்கும் தோட்ட மக்களின் வாக்கு துணைநின்றது. மறு ஆண்டே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனுமோ இலங்கையில் பிறந்தார்கள் என்று மெய்ப்பிக்கவேண்டும் என்றது அது. பிறப்புப் பதிவே அரிதாயிருந்த லயத்து அறைகளில் வாழ்ந்த மக்கள் இதற்கு எங்கே போவார்கள்? 1949இல் இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டமும், வாக்குரிமையைக் குடியுரிமையோடு பிணைத்த தேர்தல் திருத்தச் சட்டமும் தொடர்ந்தன. ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர் நாடற்றவராயினர். வசைப்பெயர்தான் சட்டத்தைப் பெற்றெடுத்தது என்று நாம் கூறவில்லை. வாக்குக் கணக்கும் கட்சிப் பகையுமே அதன் உடனடிக் காரணங்கள். எனினும் பல ஆண்டுகளாக ஒரு கூட்டத்தாரைக் கள்ளத்தனமாய் நுழைந்தவர் என்றே சொல்லிப் பழகிய காதுகளுக்கு, அவர்களை வெளியேற்றும் சட்டம் அநீதியாக ஒலிக்கவில்லை.

அச்சட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சரவையில் தொழில் அமைச்சராக இருந்தவர் டி.பி. ஜாயா என்பதையும் மறைக்காமல் எழுதவேண்டும். இலங்கை முஸ்லிம்களின் கல்விக்கு அவர் ஆற்றிய தொண்டை நாம் மதிக்கிறோம். ஆனால் வசைப்பெயரின் சூட்டை அதற்கு முன்பே பட்டறிந்திருந்த ஒரு சமுதாயம் அந்நாளில் அண்டை வீட்டாருக்காக உரத்துப் பேசியிருக்கலாம்.

அந்தப் பட்டறிவு 1915ஆம் ஆண்டுக் கலவரம். கம்பளையில் பள்ளிவாசலைக் கடந்து மேளதாளத்தோடு ஊர்வலம் செல்லும் உரிமை பற்றிய வழக்கில் தொடங்கிய பகை, அவ்வாண்டு மே மாத இறுதியில் கண்டியில் வெடித்துத் தீவின் பல பகுதிகளுக்குப் பரவியது. 25 முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர், நான்காயிரத்துக்கு மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டன என்பது அரசாங்கக் கணக்கு. முதன்மை இலக்காயிருந்தோர் தமிழகக் கடற்கரை ஊர்களிலிருந்து சென்று வணிகம் செய்த முஸ்லிம்கள். அவர்களைச் சிங்களத்தில் 'ஹம்பயா' என்றனர். சம்பான் அல்லது சம்மான் என்னும் படகின் பெயரிலிருந்து, படகில் வந்தவன் என்ற பொருளில் அது பிறந்ததென்பர். இலங்கைச் சோனகர் பொதுவாக 'மரக்கலயா' எனப்பட்டனர். அது மரக்கலத்தில் வந்தவர் என்ற பொருளது.

ஹம்பயா, மரக்கலயா, கள்ளத்தோணி ஆகிய மூன்றுமே கலத்தின் பெயரால் மனிதரை அழைத்தவை. கரையிறங்கி எத்தனை தலைமுறை கழிந்தாலும் நீ வந்தவன் என்பதை நினைவூட்டுவதே அவற்றின் வேலை. இதில் ஒரு நுட்பத்தை நம் வாசகர் உடனே கண்டுகொள்வர். மரக்கலத்தோடு தொடர்புற்ற 'மரக்காயர்' என்னும் பெயரைக் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நாகூரிலும் நாம் குலப்பெருமையாகத் தரித்திருக்கிறோம். கடல் கடந்த வணிகத்தின் அடையாளம் அது. பாக்கு நீரிணையின் ஒரு கரையில் மரியாதையாக இருப்பது மறு கரையில் ஏளனமாகிறது. ஆகவே சொல்லின் வேரைக் கிண்டி நற்பொருள் காட்டி, இதில் இழிவில்லை என வாதிடுவது பயனற்றது.

இதற்கு இஸ்லாமிய வரலாற்றிலேயே புகழ்பெற்ற எடுத்துக்காட்டு உண்டு. பள்ளிவாசலில் மண்படிந்து படுத்திருந்த அலீ (ரலி) அவர்களை 'அபூ துராப்' என்று அன்போடு விளித்தவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே. அலீ (ரலி) மிகவும் விரும்பிய பெயர் அது. பின்னாளில் உமையாக்களின் ஆட்சியாளர் சிலர் அதே பெயரை மேடையில் ஏசுவதற்குப் பயன்படுத்தினர். ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அதன் உண்மை வரலாற்றை எடுத்துரைத்ததை ஹதீஸ் நூல்கள் பதிந்துள்ளன. சொல் மாறவில்லை, சொல்லும் நாவு மாறிற்று.

திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயத்தில் 11ஆம் வசனம் ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிப்பதையும், பட்டப்பெயர் சூட்டி இழிப்பதையும் சேர்த்தே தடுக்கிறது. தனி மனிதர் ஏளனமும் கூட்டத்தின் ஏளனமும் அங்கே அடுத்தடுத்து வைக்கப்பட்டிருப்பது நோக்கத்தக்கது. அதே வேளையில் மார்க்க அறிஞர்கள் எல்லாப் பட்டப்பெயரையும் விலக்கவில்லை. கண் மங்கியவர் எனப் பொருள்படும் 'அல்அஃமஷ்', முடவர் எனப் பொருள்படும் 'அல்அஃரஜ்' ஆகியவை ஹதீஸ் அறிவிப்பாளர்களின் நிலைத்த பெயர்கள். அடையாளத்துக்காகச் சொல்வது வேறு, இழிவுக்காகச் சொல்வது வேறு என்று இமாம் நவவீ போன்றோர் வரையறுத்தனர். பிறப்பைப் பற்றிய ஏளனம் வந்தபோதோ தீர்ப்பு கடுமையாயிற்று. அபூதர் (ரலி) ஒருவரை அவருடைய தாயைக் குறித்துப் பழித்தார். அவர் பிலால் (ரலி) என்பது விரிவுரையாளர் பலரின் கூற்று. அறியாமைக் காலத்தின் குணம் உம்மிடம் எஞ்சியுள்ளது என்ற பொருளில் நபியவர்கள் கண்டித்ததைப் புகாரி பதிவு செய்துள்ளது. அதை நாவின் சறுக்கல் என்று அவர்கள் கடந்துவிடவில்லை.

மீண்டும் நீலகிரிக்கு வருவோம். 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தமிட்டனர். நாடற்றோர் 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாக முடிவாயிற்று. எஞ்சிய ஒன்றரை இலட்சத்தை 1974இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டனர். மக்களைக் கேட்டவர் எவருமில்லை. 'ராமானுஜம்' கப்பலில் இராமேசுவரம் இறங்கி, பாட்டனார் புறப்பட்ட அதே மண்டபம் முகாமிலேயே பேரர்கள் பதிவு செய்யப்பட்டனர். அவர்களுக்கு வேலை தருவதற்காக 1968இல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் திட்டம் தொடங்கியது. 1976 முதல் அது குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட 'டேன்டீ' கழகமாக இயங்குகிறது. சேரம்பாடி, கொளப்பள்ளி, நெல்லியாளம் ஆகிய ஊர்களில் காடு திருத்திக் கன்று நட்டவர்களில் பெரும்பாலோர் இவர்களே. டேன்டீயில் இடம் கிடைக்காத பலர் கோத்தகிரிப் பக்கத்துத் தனியார் நிலங்களில் கூலி வேலைக்குச் சென்றனர்.

இவர்கள் இந்தியக் கடவுச்சீட்டோடு வந்த இந்தியக் குடிமக்கள். 1983க்குப் பின் போரிலிருந்து தப்பி வந்தோரே அகதிகள். ஆனால் ஊராரின் பேச்சில் இரு சாராரும் 'சிலோன் அகதி'யாயினர். மேஸ்திரி என்று நீலகிரியார் சொல்லுமிடத்தில் கங்காணி என்று சொன்னால் போதும், ஆள் இன்னார் எனத் தெரிந்துவிடும். அலுவலகங்களில் இது வெறும் கேலியாக நிற்கவில்லை. சாதிச் சான்றிதழுக்கு மூதாதையரின் ஊரைக் காட்டச் சொன்னபோது பலர் நீண்டகாலம் இடர்ப்பட்டனர். 1948இல் கொழும்பு கேட்ட அதே பாட்டன் சான்றைத் தாயகமும் கேட்டது! கூடலூரின் ஜென்ம நிலங்களில் குடியேறியோருக்கு 'ஆக்கிரமிப்பாளர்' என்ற பெயரும் சேர்ந்துகொண்டது. 2022இல் டேன்டீ தன் நிலத்தில் இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேல் வனத்துறையிடம் திருப்பித் தர முடிவானபோது, ஓய்வுபெற்ற தொழிலாளர் எங்கே குடியிருப்பது என்ற கேள்வி மீண்டும் எழுந்தது. எம்.ஜி.ஆரைத் தீண்டாமற் போன பெயர் இவர்களை எங்கே தீண்டிற்று என்பதை இவற்றிலிருந்து அறியலாம்.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு அகதிகள் முகாம்களை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் எனப் பெயர்மாற்றியது. பெயரின் பாரத்தை ஓர் அரசாங்கமே ஒப்புக்கொண்டதாக அதைக் கொள்ளலாம். சான்றிதழும் பட்டாவும் பின்தொடராவிடில் அதனால் விளையும் நன்மை சிறிதே என்பது நம் எண்ணம்.

நீலகிரியின் படகர் பெயருக்கும் வடக்கர் என்பதே பொருள். விசயநகரத்தின் வீழ்ச்சிக்குப் பின் மைசூர்ப் பக்கமிருந்து மலையேறியவர்கள் என்பது வழங்கி வரும் வரலாறு. அவர்களுக்கு அது பெருமைக்குரிய பெயர். யாழ்ப்பாணத்தில் 'வடக்கத்தியான்' வசையாயிருந்ததை மேலே கண்டோம். இப்போது தமிழகமெங்கும் 'வடக்கன்' என்ற சொல் புழங்குகிறது. 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவி, அஞ்சிய பலர் ஊர் திரும்பினர். 2024இல் பாஸ்கர் சக்தியின் 'வடக்கன்' திரைப்படம் தணிக்கை வாரியம் அத்தலைப்பை ஏற்காததால் 'ரயில்' என்ற பெயரில் வெளிவந்தது. நீலகிரித் தோட்டங்களில் கொழுந்து பறிக்க இன்று ஜார்க்கண்ட், அஸ்ஸாம் போன்ற மாநிலங்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். முன்னர் இலங்கையிலிருந்து வந்தோர் தங்கிய லயங்களிலேயே அவர்களில் சிலர் தங்கியிருக்கக் கண்டோம். அவர்களைப் பற்றி நாம் விசாரித்தபோது, வடக்கனுகள் என்று நமக்கு விடையளித்தவர்களில் சிலோன்காரர் எனப்பட்டோரின் பேரர்களும் இருந்தனர்.