சென்னைக்கு எத்தனை மணித்தியாலம்?

யாழ்ப்பாணத்திலிருந்து சென்னை எவ்வளவு தூரம்? பலாலி ஓடுபாதையிலிருந்து நேர்கோடு பிடித்தால் ஏறக்குறைய 355 கிலோமீற்றர். கொழும்புக்கு வீதியால போற தூரம் இதைவிடக் கூட. இந்த 355 எண்டைக்கும் மாறேல்லை. மாறினது பயண நேரம்தான்.

பலாலி விமானத்தளம் இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் பிரித்தானிய விமானப்படை அமைத்தது. 1947 டிசம்பர் 10 அன்று எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, இங்கே இறங்கி, பிறகு மதராஸ் போனது. சுதந்திரத்துக்கு இன்னும் எட்டுக் கிழமை இருந்தது. அந்த டீசி-3 விமானம் மணிக்கு 300 கிலோமீற்றர் அளவில் பறக்கக்கூடியது. கணக்குப் பார்த்தால் பலாலியிலிருந்து மதராசுக்கு ஒண்டேகால் மணித்தியாலம். இண்டைக்கு ஓடுற ஏடிஆர் விமானமும், ஏறி இறங்கிற நேரத்தோட, கிட்டத்தட்ட அவ்வளவு நேரம்தான் எடுக்குது.

அப்ப இடைப்பட்ட காலத்தில் என்ன நடந்தது?

யுத்தம் வந்தது, பலாலி முழுக்க இராணுவத் தளமானது. சென்னைக்குப் போறதெண்டால் முதலில் தெற்கே கட்டுநாயக்க போகவேணும், அங்கிருந்து திரும்ப வடக்கே பறக்கவேணும். வரைபடத்தில் அந்த இரண்டு இடத்துக்கும் ஒரு கோடு கீறிப் பாருங்கோ, அது யாழ்ப்பாணத்துக்கு மேலாலதான் போகும். சொந்த ஊருக்கு மேலால பறக்கிறதுக்காக ஒரு பகலும் இரவும் செலவழித்த சனம் நாங்கள்.

கொழும்புக்குப் போறதே சில காலம் பெரும்பாடு. ஏ9 பாதை பூட்டியிருந்த நாட்களில் கப்பலும் விமானமும்தான் வழி. 1998 செப்டெம்பர் 29 அன்று பலாலியிலிருந்து இரத்மலானைக்குக் கிளம்பிய லயன் எயார் விமானம் மன்னார்க் கடலுக்கு மேல் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதில் இருந்த 55 பேரும் இறந்துபோனார்கள். ஒரு மணித்தியாலப் பயணம் அது.

2019 ஒக்டோபர் 17 அன்று பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் சென்னைச் சேவை தொடங்கியது, 2020 மார்ச்சில் கொரோனாவோட நின்றது, 2022 டிசம்பரில் திரும்ப வந்தது. சந்தோஷம்தான். மருத்துவத்துக்கும் கலியாணத்துக்கும் படிப்புக்கும் போறவைக்கு இது சின்ன விஷயமில்லை.

ஆனால் பலாலியில் இன்னொரு தூரமும் இருக்கு. 1990இல் வலிகாமம் வடக்குச் சனம் உடுத்த உடுப்போட வெளியேறினது. விமானத்தளத்தைச் சுற்றியிருந்த அவையின்ர காணிகள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள்ள போனது. யுத்தம் முடிந்தபிறகு பகுதி பகுதியாக விட்டார்கள், முழுக்க இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் தெரியிற தன்ர வளவுக்குப் போய்ச்சேர முப்பது வருஷத்துக்கு மேல் காத்திருந்தவை இருக்கினம். காத்திருந்தே செத்தவையும் இருக்கினம்.

355 கிலோமீற்றருக்கு ஒண்டேகால் மணித்தியாலம். அரைக் கிலோமீற்றருக்கு முப்பது வருஷம். இரண்டு கணக்கும் ஒரே ஓடுபாதையிலிருந்துதான் தொடங்குது. விமான நிலையத்தின்ர வரலாற்றை எழுதுறவை இரண்டாவது கணக்கையும் சேர்த்து எழுதவேணும்.